கூடுதலாக ஓர் ஆள்

கிரேன் ஓட்டுகிறவர்களுக்குப் பயமே கிடையாது என்று ஒரு பொது நம்பிக்கை. அதை மற்றவர்களைவிட அதிகமாக நம்பியவர் இந்தக் கிரேன்காரர்தான். அந்தரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான், வங்கிக்காரனுக்கா பயப்படுவேன் என்பார்.

விஷயம் இதுதான். அவர் மனைவியின் அண்ணன் ஒரு வீட்டுத் தரகர். பாதி எழும்பிய அடுக்குமாடி ஒன்றைக் காட்டி, ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடுங்கள், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்றார். முன்பணத்துக்குக் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்க வேண்டும். வாடகைக்கு ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று தங்கை கேட்டாள். அண்ணன் அதைக் காதில் வாங்காமல் தங்கையின் புருஷனைப் பார்த்து, "என்ன மாப்ளே, நெஞ்சுல தெம்பு இருக்கா இல்லையா?" என்றார். மச்சானிடம் இல்லை என்று சொல்லும் ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

மனைவிக்கு வேலை, கட்டடம் கட்டடமாகப் போய்த் தீ விபத்து ஒத்திகை நடத்துவது. அபாயச் சங்கை ஒலிக்கவிட்டு, எல்லோரையும் வெளியே வரவழைத்து நிறுத்தித் தலை எண்ணுவாள். எண்ணிக்கை சரியாகும்வரை ஒருவரையும் நகர விடமாட்டாள். ஒத்திகை பார்க்காமல் எதையும் நம்பாத பிறவி. கல்யாணத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள் என்று கணவர் கேலி செய்வதுண்டு.

இதற்கும் ஓர் ஒத்திகை பார்க்கலாம் என்றாள். ஃப்ளாட்டை வாங்கிவிட்டோம், அது காலியாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை முடியும்வரை முழுத் தவணையையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துத் தனியே வைப்போம். தாங்க முடியாதவர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வெட்கமும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை.

அவள்தான் திணறினாள். கடையில் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். மகளின் மூக்குக்கண்ணாடியை மாற்றுவதைத் தள்ளிப்போட்டாள், அதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். கணவரோ தம் பங்கை விசிலடித்தபடி மேசையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமையானால் கேரம் ஆடக் கிளம்பிவிடுவார், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வீட்டைப் பணயம் வைக்கப் போகிற நேரத்தில் கேரமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, இந்த நெருக்கடியிலும் கேரம் ஆட முடிகிறதென்றால் மனுஷனுக்கு நிஜமாகவே துணிச்சல்தான் என்று தோன்றியது. பயந்தாங்கொள்ளி தான்தான் என்று முடிவுகட்டி, திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருகிறோம் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள்.

கையெழுத்துக்கு முந்தைய நாள் அவளுக்கு ஒரு கட்டுமான இடத்தில் ஒத்திகை. ஞாயிறு ஆள் குறைவு, சீக்கிரம் முடியும் என்று மேஸ்திரி கூப்பிட்டிருந்தார். சங்கு ஒலித்ததும் கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் சிரித்துக்கொண்டே வந்து வரிசையில் நின்றார்கள். எண்ணினாள். மேஸ்திரி சொன்ன கணக்கைவிட ஒருவர் கூடுதல். மறுபடி எண்ணினாள். ஆள் குறைந்தால் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கூடினால் என்ன செய்வதென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ஞாயிறு மட்டும் வருகிற கிரேன்காரர், கணக்கில் சேர்க்கவில்லை, வாரம் முழுக்க வேறு இடத்தில் ஓட்டுகிறார், பாவம், ஏதோ வீடு வாங்கப் போகிறாராம் என்றார்.

கடைசி வரிசையில் ஒருவர் தலைக்கவசத்தை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். அந்தத் தோள்களை அவளுக்குத் தெரியும். அவள் குரலை மேலேயே கேட்டிருப்பார், ஆனால் கிரேனுக்கு ஒரே ஏணிதான், பின்வாசல் கிடையாது.

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரிடம் போனாள். திட்டத்தான் போனாள். கிட்டத்தில் பார்த்தபோது கண்கள் சிவந்து கிடந்தன.

"ஏன் சொல்லலை?"

"முதல் மாசமே கையைக் கடிச்சுது. மச்சான்கிட்ட வீராப்பா வேற பேசியாச்சு."

"மச்சான்கூடவா குடித்தனம் பண்றீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "போன வாரம் மேலயே கண் அசந்துட்டேன். கம்பிக்கட்டு தொங்கிட்டிருக்கு, கீழ ஆளுங்க நிக்கிறாங்க. பயமா இருக்கும்மா."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் இதுவரை கேட்டதில்லை.

"ஃப்ளாட் காலியாக் கிடந்தாக்கூடத் தாங்கிக்கலாம்," என்றாள். "நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாம நான் எப்படிங்க எண்ணுறது?"

அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவில்லை, ஃப்ளாட்டும் வேண்டாம் என்றாள். யாருக்குப் பயம், உனக்கா மாப்பிள்ளைக்கா என்று அண்ணன் சத்தமாகக் கேட்டது கணவர் காதிலும் விழுந்தது. பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள அவள் வாயெடுப்பதற்குள் கணவர் போனை வாங்கிக்கொண்டார்.

"எனக்குத்தான் மச்சான்," என்றார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவர், மறுநாள் வேலைக்குத்தான் எழுந்தார்.