சீட்டு படிக்காத நாக்கு

குட்டிவாலைத் தெரியாத குழந்தை அந்த ஊரில் இல்லை. பெரியவர்களும் பிள்ளைகளுக்கென்று சொல்லி வாங்கிப் பாதியைத் தாங்களே முடித்துவிடுவார்கள். சோள மாவைப் பொங்கவைத்து, வால்போல வளைத்து, சீஸ் பொடியில் புரட்டி எடுத்த பண்டம் அது. அந்தத் தொழிற்சாலையில் பொடி தூவும் உருளையைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவள் சீஸக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது.

இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவள் சொந்தமாக ஒரு கலவை செய்திருந்தாள். உப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாள். மிச்ச உப்பை மாவுபோல அரைத்துச் சேர்த்தாள். பொடி உப்பு நாக்கில் பட்டதும் கரையும், அதனால் குறைத்தது தெரியாது என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ருசி பார்க்கும் அறையில் ஒரு விதி உண்டு. என்ன மாற்றம் என்று தட்டின் மேல் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். அங்கே இருக்கும் நான்கு ருசிக்காரர்களும் 'உப்பு குறைவு' என்று படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

"சப்புன்னு இருக்கு" என்றார் மூத்த ருசிக்காரர். மற்ற மூன்று பேரும் ஆமாம் சாமி போட்டார்கள். இரண்டு முறை சோதனைக்கு வைத்தும் இதே கதைதான். மூன்றாவது முறையும் தோற்றால் கலவை குப்பைக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சீஸக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ருசியைக் கண்ணால் பார்க்கிறவர்களிடம் என்னத்தைச் சொல்லி முட்டிக்கொள்வது?

வீட்டில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அவள் கணவர் அதே தொழிற்சாலையின் பஸ்ஸில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் டிரைவர். அவருக்குக் குட்டிவால் என்றால் உயிர். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது என்று டாக்டர் கண்டித்த அன்றைக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஒரு வாலைக்கூடக் கையால தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். சத்தியம் ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் பாத்திரம் கழுவும்போது இடுக்கியின் பற்களில் ஆரஞ்சுப் பொடி அப்பியிருப்பதைச் சீஸக்கா பார்த்தாள். விரலில் கறை படக்கூடாதென்று மனுஷர் இடுக்கியால் எடுத்துத் தின்றிருக்கிறார். கையால் தொடவில்லை, சத்தியத்துக்கும் பங்கமில்லை.

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் முதலில் நினைத்தாள். பிறகு சட்டென்று ஒன்று தோன்றியது. சீட்டு படிக்காத நாக்கு ஒன்று தன் வீட்டிலேயே இருக்கிறது.

மறுநாள் முதல் தன் கலவையில் புரட்டிய வால்களை வழக்கமான குட்டிவால் உறையில் போட்டு, மகள் விடுமுறைக்கு வந்தால் கொடுக்க எப்போதும் எடுத்துவைக்கிற இடத்திலேயே, அலமாரியில் பழைய மேசை விசிறிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். தினம் ஒரு சின்னப் பாக்கெட் வைப்பாள். தினமும் அது மாயமாகும். ஒரு புதன்கிழமை மட்டும் அவள் கலவையை ஓட்டும் சின்னச் சோதனை உருளை மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் கடைப் பாக்கெட் ஒன்றை வைத்தாள். மனசு கேட்கவில்லைதான். ஆனால் அலமாரி காலியாக இருந்தால் திருடன் உஷாராகிவிடுவான் அல்லவா?

மூன்று வாரம் இப்படி ஓடியது. மூன்றாவது சோதனை நாளும் வந்தது. தட்டு வந்தது, சீட்டும் வந்தது. மூத்த ருசிக்காரர் வாயில் போடும் முன்பே மூக்கைச் சுளித்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் சீஸக்கா மேனேஜரிடம். "சீட்டப் படிக்காத ஒருத்தரையும் கேட்டுப் பாக்கலாமே."

"அப்படி யாரும்மா இருக்கா?"

"வெளிய பஸ்ல தூங்கிட்டிருக்கார்."

டிரைவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். மேசைமேல் குட்டிவாலையும் அதன் பக்கத்தில் மனைவியையும் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, விசிறிக்குப் பின்னால வச்ச பாக்கெட்டெல்லாம் யாரு சாப்பிட்டது?"

"எனக்கென்ன தெரியும்? நம்ம பொண்ணு எடுத்திருப்பா."

"அவ ஹாஸ்டலுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவர் நின்றார். ருசிக்காரர்கள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். சீஸக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துச் சாதித்துவிட்டால் கலவை போயே போயிற்று.

"நான் திட்ட மாட்டேங்க" என்றாள் மெதுவாக. "உள்ளதச் சொல்லுங்க. எனக்கு அது ரொம்ப முக்கியம்."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். அது கலங்கியிருந்தது. போகிற மானம் போகட்டும் என்று நிமிர்ந்தார்.

"நான்தான் சார். தினமும் ஒரு பாக்கெட். இடுக்கியால."

"ருசி எப்படி இருந்துச்சு?" என்றார் மேனேஜர்.

"குட்டிவாலுக்கு என்ன சார் குறைச்சல்? எப்பவும்போல அமிர்தம்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"ஒரு புதன்கிழமை எடுத்த பாக்கெட் மட்டும் சரியில்ல சார். ஒரே உப்புக் கரிப்பு. ஒரு பாட்டில் தண்ணி குடிச்சும் தாகம் அடங்கல. பொடி போடுறவங்க கொஞ்சம் பாத்துப் போடணும்."

பொடி போடுகிறவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், மத்த நாளெல்லாம் அவர் சாப்பிட்டது என் கலவை. புதன்கிழமை வச்சதுதான் கடைப் பாக்கெட். நாம இப்ப வித்துக்கிட்டிருக்கிறது."

மேனேஜர் தட்டிலிருந்த சீட்டைப் பிய்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசத்திலேருந்து பெரிய உருளையில இந்தக் கலவையே ஓடட்டும்மா" என்றார். மூத்த ருசிக்காரர் ஒன்றை வாயில் போட்டார். பிறகு இன்னொன்றையும் போட்டார்.

சீஸக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. டிரைவருக்கு விஷயம் விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வாயெல்லாம் பல்லாகத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைத் தடுத்தாள். தட்டின் ஓரத்தில் கிடந்த இடுக்கியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள்.