அன்னாசி வந்த வழி

...கப்பலில் பழம் ஏறியிருக்கும் சரி, பெயரை யார் ஏற்றினார்கள், பிரேசில் காட்டு ஜனங்கள் நானா என்றார்களாம், அருமையான பழம் என்று அர்த்தமாம், போர்த்துகீசியன் அதை அனனாஸ் ஆக்கி இங்கே இறக்க, நாம் அன்னாசி என்கிறோம், தென்காசி வாசகசாலையிலிருந்து அண்ணன் கொண்டுவந்த பத்திரிகையில் படித்ததிலிருந்து இதே நினைப்பு... குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி பழக்காரர் கிதிர் முகம்மது பழத்தின் கண்களைத் தோண்டி எடுக்கிறார். பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காடும் மலையுமாக நடந்தே தப்பி வந்தவர். மாமியார் அருவிக்குப் போயிருக்கிறாள், நான் துணிமூட்டைக்குக் காவல். ரங்கூனில் இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். "நானத்னு சொல்லுவான், தங்கச்சி." நானத்! அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது, என் வீட்டுக்காரரும் அப்படிச் சொல்லித்தான் வாங்கித் தின்றிருப்பாரோ, கல்யாணமான மூன்றாம் மாதம் போனவர், ரயிலடியில் பார்த்த முதுகுதான் முகத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது, குண்டு விழுந்த பிறகு ஒரு தகவலும் இல்லை...

"வீட்டுக்காரரு ரங்கூன்லயா?" "ஆமா அண்ணாச்சி, மர மில்லுல." "அப்ப எனக்குத் தெரியாம இருக்காது. நம்ம ஊர்க்காரன்ல கப்பல் ஏறுனவன் யாரு, வழியில விழுந்தவன் யாரு, எல்லாம் தெரியும். பேரச் சொல்லு."

எப்படிச் சொல்வது, புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையுமே, தலையணைக்குள்கூட நான் சொல்லிப் பார்த்ததில்லை, நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் பெண்கள் பனியில் நின்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள், அந்தப் புருஷர்கள் செத்தாலும் அதனால் சாவதில்லை, தெரியும், எல்லாம் தெரியும்... "நல்ல கூத்து! பழத்துக்குப் பூர்வீகம் கேக்கே, புருசன் பேரக் கேட்டா வாய் ஒட்டிக்கிடுது. சரி, மாமியா வரட்டும், அவுக சொல்லுவாக."

ஆமாம், பெற்றவளுக்கு ஏது தடை, விளக்கேற்றும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லி அழுகிறவள். அதோ, ஈரச்சேலையைப் பிழிந்தபடி வருகிறாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் தலையை ஆட்டுவார், அல்லது கத்தியைக் கீழே வைப்பார்... யாரோ பழம் கேட்க அவர் அந்தப் பக்கம் திரும்புகிறார்.

"ஏட்டி, பழம் வாங்கலியா?"

"புளிக்குதாம் அத்தை. மழை வலுக்கு, வாங்க போவோம்" என்கிறேன். மூட்டை என் இடுப்பில் ஏறியிருக்கிறது. ஆயுசு குறைந்துவிடும் என்றுதானே வாய் திறக்கவில்லை? இவள் சொன்னால் குறையாதே... பிறகு ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறேன்?