மலையே திரும்பிப் பார்த்த வசவு

வால்பராய்சோ துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் சங்கு ஊதிப் பதில் சொன்னது ஒரே ஒரு கெட்ட வார்த்தைக்கு; அதைக் கத்தியவர் நிக்கானோர். கடற்காக்கைகள்கூட அந்தரத்தில் அப்படியே நின்றனவாம். "சுத்தப் புளுகு" என்று மறுப்பவர் ஒரே ஒருவர்: சம்பந்தி, நோட்டரி லாதிஸ்லாவோ.

வார்த்தை, 'வெயோன்'. நேர்ப்பொருள் கொட்டை பெருத்தவன். அயலானிடம் சொன்னால் மடையன் என்றாகும், பல் உதிரும். உயிர்நண்பனிடம் சொன்னால் அது உறவு. அவனிடம் சொல்லாமல் விட்டால்தான் வம்பு.

நிச்சயதார்த்த விருந்தன்று மகள் எலியானா கெஞ்சினாள். "அவங்க பெரிய எடம்ப்பா. அந்த வார்த்தை வந்துச்சு, என் மானமே போச்சு." நிக்கானோர் வாயைப் பூட்டிக்கொண்டார்.

சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போதுதானா அவன் வரவேண்டும்? துறைமுகத்தில் அவரோடு கிரேன் ஓட்டிய உயிர்நண்பன் பெலார்மினோ, சுடச்சுடக் கறி பொதிந்த எம்பனாதாத் தட்டோடு, மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

"என்னடா வெயோன், மாப்ள நீயா அவனா? இப்படி மினுக்குறே!"

சம்பந்தியம்மாளின் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. நிக்கானோருக்குக் காது மடல் சுட்டது.

"வாங்க, தோன் பெலார்மினோ. உக்காருங்க."

'தோன்' என்ற மரியாதையைக் கேட்டதும் பெலார்மினோவின் முகம் செத்துப்போனது. "நான் என்னடா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமில்லீங்களே."

"இல்லீங்களாவா? சரிங்க. வரேங்க."

தட்டை வைத்தான், தொப்பியை மாட்டினான், இறங்கிவிட்டான்.

அவன் கொண்டுவந்த எம்பனாதாவை ஒரு வாய் கடித்தார் நிக்கானோர். இறங்கவில்லை. பெரிய மனிதர்கள் முன்னால் சொந்த நண்பனை ஊரான் ஆக்கிவிட்ட வெட்கம். மகளின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மாடத்துக்கு ஓடினார்.

"திரும்பி வாடா, வெயோன்!"

மலைச்சரிவில் இருந்த ஆண்பிள்ளை அத்தனை பேரும் திரும்பினார்கள். சவரக்கடையில் பாதி மழித்தவன், கூரைமேல் ஆணி அடித்தவன், பாதிரியார். "யாரு, நானா?"

"நீங்க இல்லடா! அந்தக் கிரேன்கார வெயோன்!"

படியின் அடியில் பெலார்மினோ முகத்தைத் தொப்பியால் துடைத்துக்கொண்டான். "அத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா கேடு!" என்று மேலே ஏறினான். எலியானா மேசைவிரிப்பை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

பேரனின் ஞானஸ்நான விருந்திலும் கதை வந்தது. சம்பந்தி வழக்கம்போல மறுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் ஊதுனது எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் நடந்துச்சு," என்றார். "என்னையும் அப்படிக் கூப்பிட ஒருத்தன் இருந்தான். அன்னைக்கு அந்தச் சத்தம் கேட்டதும் நாற்காலிய விட்டு நானும் எழுந்துட்டேன். யாரும் பாக்கலன்னு நெனச்சு உக்காந்துக்கிட்டேன்."