இரண்டு தாள்களுக்கு அடியில் ஒரு விளக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. அதுவும் பாதிதான். எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, சேலத்திலிருந்து மேட்டூர் போகிற வண்டி. பின் இருக்கையில் ஓர் ஆண் குரல் கேட்டது: "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" பதிலுக்கு ஓர் இளம்பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். பேசுவதற்கு முன் இழுக்கிற மூச்சு. அதற்குள் விசில் அடித்தது, வண்டி நின்றது, இருவரும் இறங்கிவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகத்தைப் பார்த்துவிட்டால் பேச்சு நின்றுபோகும்.

எந்த இரண்டு? புடவையா? வரனா? மருந்தா? இத்தனை வருஷமாக அந்தப் பெண் என் தலைக்குப் பின்னால் மூச்சை இழுத்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூச்சை அவள் விடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "காவிரியின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்த அந்த—"

(வேண்டாம். ஆற்றை வைத்து ஆரம்பித்தால் கதை ஆற்றோடு போய்விடும்.)

இரண்டாம் தொடக்கம்: "சௌந்திரம் புருஷனை விட்டு வந்தபோது அவளிடம் இருந்தது—"

(இதுவும் வேண்டாம். அவள் வாயால் சொல்லாததை நான் முதல் வரியில் போட்டு உடைப்பது மரியாதை இல்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். விட்டு வந்தவள்தான். இப்போது பார்க்கிற வேலை போனால் திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அண்ணன் 'வா' என்பான். அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததற்குத்தான் சௌந்திரத்துக்குப் பயம்.)

மூன்றாவது: ஒரு மேசை. மேலே கண்ணாடி, அடியில் குழல்விளக்கு. மேட்டூருக்கு வெளியே ஓர் ஆலையின் வரைபட அறை.*

இது நிற்கிறது. இதன் மேல் எழுதலாம்.

* ஆலையின் பெயரைக் கேட்காதீர்கள். நான் கட்டியது, இன்னும் பெயர் வைக்கவில்லை.

3

சௌந்திரத்தின் வேலை ஒப்பிடுவது. பழைய வரைபடத்தைக் கண்ணாடி மேல் விரிப்பாள். புதியதை அதன் மேல் விரிப்பாள். இரண்டும் ஒளி ஊடுருவுகிற தாள்கள். விளக்கைப் போட்டால் மாறாத கோடெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒற்றைக் கோடாகிவிடும். மாறியது மட்டும் இரட்டையாக, தூக்கக் கலக்கத்தில் பார்ப்பதுபோல் தெரியும். அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் நெளிநெளியாக ஒரு வளையம் போட வேண்டும். அதற்கு அந்த அறையில் 'மேகம்' என்று பெயர். மேகம் போட்ட இடத்தைத்தான் எஞ்சினீயர் பார்ப்பார். மற்றதைப் பார்க்கமாட்டார். எல்லாம் முடிந்தபின் 'ஒப்பிட்டவர்' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கு மேசையில் இருந்தது குழாய்ப் படம். அணையிலிருந்து ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய். பழைய தாளில் அது நேராகப் போயிற்று. புதிய தாளில் ஓரிடத்தில் மட்டும் லேசாக விலகி, ஒரு பாறைக்குள் புகுந்து, மறுபடி நேர்கோட்டுக்கு வந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே, பழைய கோடு உரசுகிற இடத்தில், ராகி மணி அளவில் ஒரு வட்டம்.

அந்த வட்டம் அவளுக்குத் தெரியும். அது மயிலம்மாள் வீட்டுக் கிணறு. காலையில் அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். மயிலம்மாள் வீட்டில்தான் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள்.

"ஏனுங் சார், இந்தக் கோட்டை யாருங்க நகத்துனது?"

கைலாசம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அயோத்தியாப்பட்டணத்துக்காரர், அந்த அறையின் மூத்த வரைவாளர். "எந்தக் கோடும்மா?"

"இதுங்க. மாத்தம் எழுதற பட்டியல்ல இதைப் பத்தி ஒண்ணுமே இல்லீங்களே."

"மழை ஈரத்துக்குத் தாள் ஊதியிருக்கும்."

"ஊதுனா பூராவும் ஊதோணுமுங்க. ஒரு கெணத்துக்கிட்ட மட்டுமா ஊதும்?"

"நீ கேக்கற கேள்விக்குத் தாளே வெக்கப்பட்டுச் சுருங்கிடும், போ." அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

மேகம் போட்டால் எஞ்சினீயர் பார்ப்பார். பாறையை வெடிவைத்து உடைக்க யார் சொன்னது என்று கேட்டு, கோட்டை நேராக்கிவிடுவார். கிணறு மூடப்படும். புறம்போக்கில் வெட்டிய கிணறு, கேட்க நாதியில்லை. மேகம் போடாமல் கையெழுத்துப் போட்டால் கிணறு பிழைக்கும். ஆனால் என்றைக்காவது யாராவது இரண்டு தாளையும் மறுபடி விளக்கின் மேல் வைத்தால், அந்தக் கையெழுத்து அவளுடையது.

4

(இங்கே மயிலம்மாள் அழுவதாக எழுதினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எதுக்கு அழுவோணும்? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே" என்றாள். சரிதான். அடித்துவிட்டேன்.)

சாயங்காலம் மயிலம்மாள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். ராட்டினம் கீச்சிட்டது.

"ஏங்கண்ணு, ஆபீஸ்ல அப்புடி என்னதான் வேலை உனக்கு?"

"ரெண்டு படத்தை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு, எங்க மாறியிருக்குதுன்னு பாக்கறதுங்கக்கா."

"அதுக்குச் சம்பளமா!" வாளி பாதியில் நின்றது. "அப்ப என்ற மவனையும் கொஞ்சம் பாத்துச் சொல்லு சாமி. கண்ணாலத்துக்கு முந்தி ஒருத்தன், பொறகு ஒருத்தன். ரெண்டு பேரையும் அந்தக் கண்ணாடி மேல படுக்கப் போட்டு, எங்க மாறுச்சுன்னு பாரு."

"செவப்புப் பென்சிலு பத்தாதுங்கக்கா."

மயிலம்மாள் சிரித்த சிரிப்பு கிணற்றுக்குள் இறங்கி, கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ சிரிப்பதுபோல் மேலே வந்தது. சௌந்திரம் எட்டிப் பார்த்தாள். கீழே வானம் வட்டமாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு முகம் அசைந்து இரண்டாகி, பிறகு ஒன்றாகி, மறுபடியும்—

"மொறச்சுப் பாத்தது போதும், குடத்தைப் புடி. எங்க போயிரப் போவுது கெணறு?"

5

இதுவரை எனக்குத் தடையில்லை. இதற்குப் பிறகு என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. முதலாவதில் சௌந்திரம் மேகம் போடுகிறாள். இரண்டாவதில் போடவில்லை.

ஒரு மத்தியானம் இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரி கோடு போட்ட தாள், ஒரே கை. வெயில் பின்னாலிருந்து வந்தது. பேச்செல்லாம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒற்றையாகத் தெரிந்தது. கைலாசம் பேசுகிற இடத்தில் மட்டும் எழுத்துகள் கலங்கின. தனியாக எடுத்துப் படித்தேன். முதல் பிரதியில் இல்லாத ஒரு வரி இரண்டாவதில் இருந்தது:

"எனக்கு இப்பல்லாம் கண்ணு மங்குதும்மா. நீ பாத்தாத்தான் பாத்தது."

இதை நான் எழுதிய ஞாபகமில்லை. என் கையெழுத்துதான், மை கூட என்னுடையதுதான். வேறு வழியில்லாமல் அவரையே கேட்டேன்.

"கைலாசம், கோட்டை நகர்த்தினது நீங்கதானா?"

"நீங்கதானேம்மா எழுதறீங்க?"

"இந்த வரியை நான் எழுதலை."

"அந்தக் கோட்டை நானும் போடலைம்மா" என்றார். அதன்பின் நான் என்ன கேட்டும் அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கவில்லை.

6

காலை. எஞ்சினீயர் வருகிற நேரம். சௌந்திரம் விளக்கைப் போட்டாள். சிவப்புப் பென்சிலைச் சீவி, தாளின் ஓரத்தில் வைத்தாள்.

முதல் முடிவு: அவள் பென்சிலை எடுத்து, கிணற்றைச் சுற்றி மெல்ல—

இரண்டாம் முடிவு: அவள் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு, பேனாவைத் திறந்து, கட்டத்துக்குள்—

இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். மாறாதது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டிலும் அவள் குனிந்திருக்கிறாள். வெளிச்சம் கீழிருந்து மோவாயில் படுகிறது. இரண்டிலும் கைலாசம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஏற்கனவே கூராக இருக்கும் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறார். இரண்டிலும் இந்நேரம் மயிலம்மாள் வாளியை இறக்கிவிட்டாள், கயிறு ஓடிக்கொண்டிருக்கிறது. வாளி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.

கதவு திறந்தது. எஞ்சினீயர் உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"என்னம்மா, குழாய்ப் படம் பாத்தாச்சா? ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

சௌந்திரம் மூச்சை உள்ளே இழுத்தாள்.

என் நிறுத்தம் வந்துவிட்டது. நான் இறங்குகிறேன். நீங்கள் இப்போது அவளுக்கு நேர் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். திரும்பிப் பார்க்காதீர்கள், காதை மட்டும் கொடுங்கள்.