மகிழினிக்கு எடுத்த அளவு

சமைக்கிறவளுக்குத் தனியாக ஓர் உடுப்பு உண்டு என்பதே ஜெயசித்ரா வீட்டுக் கொடியைப் பார்த்துத்தான் எங்கள் செலியமேட்டுக்குத் தெரிந்தது. நாங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பண்டை போகிறவர்கள். கை துடைக்கவும் அதுதான், பால் சட்டியை இறக்கவும் அதுதான். பாண்டியில் ஏதோ ஒரு கடையில் லினன் துணியில் ஏப்ரான் தைத்து, அம்மாவுக்கு ஒன்று பிள்ளைக்கு ஒன்று என்று ஒரே நிறத்தில் ஜோடி போட்டு விற்கிறார்களாம். வில்லியனூர் ஜோஸ்பின் ஸ்கூட்டியில் துணியைக் கொண்டுவந்து ஜெயசித்ராவிடம் போட்டுவிட்டு, அவள் தைத்ததை வாரிக்கொண்டு போவாள்.

"இத வாங்குறவங்க சமைப்பாங்களாடி?" என்று அவளைக் கேட்டேன்.

"போட்டோ எடுப்பாங்கக்கா."

ஜெயசித்ரா எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு வேலி, அதிலும் நான் போய்வருகிற அளவுக்கு ஒரு சந்து. குருவிநத்தத்தில் கட்டிக்கொடுத்து, ஏழாவது வருஷம் இடது காது கேட்காமல் திரும்பி வந்தவள். அறைந்தது புருஷன் புகழ்வேந்தன். மேடையில் நன்றாகத் தமிழ் பேசுவான், மகளுக்கு மகிழினி என்று பேர் வைத்தான். பேர் வைப்பதில் அந்த வீட்டில் குறை சொல்ல முடியாது. அவள் பக்கத்தில் உட்காரும்போது நான் வலது பக்கமாகத்தான் உட்காருவேன். சொல்வது போய்ச் சேர வேண்டாமா?

பிள்ளை தூங்குகிறாளே, விடிந்ததும் வந்து கூட்டிப்போகலாம் என்று ஒரு பையோடு வந்துவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். இரண்டரை வருஷமாயிற்று. புகழ்வேந்தன் வேலைக்கென்று ஓசூர் போய்விட்டான். பிள்ளை அவன் அக்கா தனக்கொடியிடம். அவளுக்கே இரண்டு பையன்கள். கேஸ் நடந்து நடந்து, கடைசியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், கோர்ட்டில் கவுன்சிலிங் அறையில் வைத்துப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் மேடம் எழுதுகிற குறிப்பைப் பார்த்துத்தான் ஜட்ஜ் மேற்கொண்டு சொல்வார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பிள்ளை அம்மாவோடு ஒட்டிக்கொண்டால் மே மாத லீவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஒட்டவில்லையென்றால் இல்லை.

"பாத்த ஒடனே கட்டிப்புடிச்சு அழாதம்மா. புள்ள மெரண்டுபோகும். ரெண்டு பேரும் சேந்து செய்ற மாதிரி எதுனா கொண்டா" என்று அந்த மேடமே போனில் சொன்னாராம்.

அதைக் கேட்டதும் இவளுக்கு ஏப்ரான் ஞாபகம் வந்துவிட்டது. ஜோஸ்பினிடம் கெஞ்சி, பாசிப்பச்சை நிறத்தில் ஒரு துண்டு லினன் வாங்கினாள். தனக்கொன்று, பிள்ளைக்கொன்று. ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து ஜூஸ் போடுவது, அவலில் வெல்லம் போட்டுப் பிசைவது. அடுப்பு இல்லாமல் என்னென்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினாள்.

இந்த ஏப்ரானில் ஒரு சங்கடம் உண்டு. முதுகில் ரெண்டு பட்டை பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும். கட்டுவதற்கு நாடா கிடையாது, தலைவழியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நாடா இருந்தால் எந்த உடம்புக்கும் இழுத்து முடிந்து சரிக்கட்டலாம். இதில் அளவு தப்பினால் தப்பினதுதான்.

எங்கள் பக்கத்தில் டெய்லரிடம் போகும்போது யாரும் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பதில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, 'இதே அளவு' என்று சொல்லிவிட்டு வருவோம். பிள்ளைகளுக்கென்றால், 'வளர்ற புள்ள, ரெண்டு அங்குலம் சேத்து வையி' என்போம். ஜெயசித்ராவிடம் இருந்த அளவுத் துணி, அந்தப் பையோடு தவறி வந்த ஒரு மஞ்சள் கவுன். மகிழினி அஞ்சு வயசில் போட்டது. மார்புச் சுற்று இருபத்தொன்று, தோளிலிருந்து முட்டி இருபத்தஞ்சு. இரண்டரை வருஷத்துக்கு எவ்வளவு சேர்ப்பது? தெருவில் ஏழு வயசுப் பிள்ளைகளை எல்லாம் மடக்கி நிற்கவைத்து டேப் பிடித்தாள். பாக்யராஜ் மகள் பயந்துபோய், ஊசி போடுகிற ஆயம்மா வந்திருக்கிறாள் என்று வீட்டுக்குள் ஓடிவிட்டது.

என் தங்கை தேவியைக் குருவிநத்தத்தில்தான் கொடுத்திருக்கிறோம். தனக்கொடி வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தை மாதம் அவள் பையனுக்குக் காதுகுத்து. புறப்படும்போது ஜெயசித்ரா வேலிச் சந்தில் வந்து நின்றாள்.

"யக்கா, நீ ஒண்ணும் பேச வேணாம். புள்ள எம்மாம் ஒசரம் வந்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா."

"என் கண்ணே டேப்புதான்டி" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பார்த்தேன். தெருக்குழாயடியில் ஒரு பிள்ளை பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. யார் வீட்டு நாலு வயசுப் பிள்ளையை இப்படித் தண்ணிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். பத்தடி போனபிறகுதான், அந்த மூக்கு ஜெயசித்ராவின் மூக்கு என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். குடத்தை இடுப்பில் வைக்கப் பார்க்கிறது. வைக்க இடுப்பு இல்லை. சட்டை ஒரு தோளில் நிற்காமல் சரிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது.

தனக்கொடி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அதிரசமும் வைத்தாள்.

"புள்ள சரியா துன்றதில்லியா?" என்று கேட்டேன்.

"அது ஒடம்புவாகு. அம்மாக்காரி மாதிரி" என்றாள்.

ஜெயசித்ரா அப்படியொன்றும் ஒல்லி இல்லை. ஆனாலும் அதிரசத்தை வாயில் வைத்துக்கொண்டு வழக்காட முடியுமா? தங்கை மூன்று வீடு தள்ளி வாழ வேண்டும். பார்த்ததை நான் போய்ச் சொன்னால், ஜெயசித்ரா அன்றைக்கே பஸ் ஏறி வந்து அந்தத் தெருவில் நின்று கத்துவாள். சொன்னது யார் என்று கேள்வி வரும்.

ஊர் திரும்பினேன். கழுத்தில் டேப்போடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நெடுநெடுன்னு வளந்துட்டாடி" என்றேன்.

"எங்க வருவா? உன் பக்கத்துல நின்னா எங்க வருவா?"

கையை எடுத்து என் மார்புக்கு நேராக வைத்தேன். "தோ, இங்க."

அவள் மண்டியிட்டு, தரையிலிருந்து என் கை வரைக்கும் டேப் பிடித்தாள். நான் கையை ஆடாமல் வைத்துக்கொண்டேன். அப்புறம் அதைத் தாளில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். ஆறு அங்குலம் சேர்த்து வெட்டினாள்.

அதோடு விட்டேனா? மாரியம்மன் கோயில் வாசலில், ரேஷன் கடையில், பஸ் ஸ்டாப்பில், எல்லா இடத்திலும் மகிழினியை வளர்த்துவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் அரை அங்குலம் கூடியிருக்கும். என் வீட்டுக்காரர் நடேசன்கூட, "நீ சொல்றத பாத்தா அந்தப் புள்ளைக்கு மாப்பிள பாக்கலாம் போலிருக்குதே" என்றார். காபிக்கு மரியாதை வேண்டாமா என்று தனக்கொடிக்கு வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன்.

பங்குனி முதல் சனிக்கிழமை. கூட வர ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டாள். கேட்காவிட்டாலும் போயிருப்பேன்.

கவுன்சிலிங் அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுவரில் ஒரு யானைப் படம். மேடம் கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத அம்மாள். புகழ்வேந்தன் வரவில்லை. தனக்கொடி பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். ஜெயசித்ரா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் பார்த்தது, வந்த பிள்ளையின் தலைக்கு மேலே அரை முழம். பிறகு கண்ணைக் கீழே இறக்கினாள்.

நான் யானையைப் பார்த்தேன்.

அவள் அழவில்லை. மேடம் சொன்னது ஞாபகம் இருந்தது போல. "வா கண்ணு, நாம ஜூஸ் போடலாமா?" என்று, முதலில் தன் ஏப்ரானை மாட்டிக்கொண்டாள். பையிலிருந்து சின்னதை எடுத்தாள். மகிழினி தனக்கொடியைப் பார்த்தது, அவள் தலையாட்டினாள். கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கியது. தலைவழியாகப் போட்டாள். இரண்டு பட்டையும் இரண்டு தோளிலிருந்தும் நழுவி முழங்கைக்கு வந்தன. முன்பக்கம் வயிற்றில் தொங்கியது, அடிவிளிம்பு கால் விரலில் கிடந்தது. பட்டையைத் தூக்கித் தோளில் வைத்தாள். விட்டதும் விழுந்தது. மறுபடி வைத்தாள்.

தனக்கொடி சிரித்துவிட்டாள். "இன்னா மேடம், பெத்தவளுக்கே பொண்ணோட அளவு தெரில. இவங்க கூட்டிப்போயி வளக்கப் போறாங்களாம்."

மேடம் எதையோ எழுதினார்.

பிள்ளை அதற்குள் அவல் கிண்ணத்தைப் பார்த்துவிட்டது. பிசைவதற்கு முன்பே வெல்லத்தை எடுத்து வாயில் போட்டு, அவலை அள்ளி அள்ளித் தின்றது. மெல்லுகிற சத்தம் அந்த அறையில் கேட்டது. கிண்ணத்தின் அடியை விரலால் வழித்தது.

"வூட்டுல குடுத்தா துன்னாது மேடம். வெளிய வந்தா இப்டித்தான் மானத்த வாங்கும்" என்றாள் தனக்கொடி.

ஜெயசித்ரா பையிலிருந்து டேப்பை எடுத்தாள். தின்றுகொண்டிருந்த பிள்ளையைச் சுற்றிப் போட்டாள். "இருபத்தொண்ணு" என்றாள். தோளிலிருந்து முட்டிக்கு வைத்தாள். "இருபத்தஞ்சேகால்." மேடம் பக்கம் திரும்பினாள். "மேடம், அஞ்சு வயசுல இவளுக்கு இதுதான் அளவு. இப்ப ஏழரை. கால் அங்குலம் வளந்துருக்கா. இத எழுதுங்க மேடம்."

"அம்மா, டேப் வெச்சுச் சொல்றதையெல்லாம் நான் எழுத முடியாதும்மா. புள்ளைய கவனிக்கலன்னு நீங்க சொல்றதா இருந்தா..."

"தோ, இவங்கள கேளுங்க." என்னைக் காட்டினாள். "தையில நேர்ல பாத்துட்டு வந்தவங்க. யக்கா, சொல்லு. நீ பாக்கும்போது நல்லாத்தான இருந்தா? இப்பதான எளச்சிட்டா?"

பாவி, அப்போதும் அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. இந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

எழுந்து நின்றேன். நான் பேசி யாரும் குறுக்கே பேசாமல் கேட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். "மேடம், நான் பாக்கும்போதே புள்ள இப்டித்தான் இருந்துது. கொடத்த தூக்க முடியாம நின்னுது. எலும்பு தெரிஞ்சிது. நான்தான் இவகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

ஜெயசித்ரா வலது காதை என் பக்கம் திருப்பினாள், சரியாகக் கேட்கவில்லை என்பது போல.

தனக்கொடி பதறவில்லை. போனை எடுத்துத் தேடினாள். "மேடம், இத கொஞ்சம் கேளுங்க."

என் குரல்தான். எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 'தனக்கொடி, காபி பிரமாதம் போ. புள்ளைய தளதளன்னு வளத்து வச்சிருக்க. பெத்தவகூட இப்டி பாத்துக்கமாட்டா. என் கண்ணே பட்டுடும், சுத்திப்போடு.' பின்னால் எங்கள் வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"இது நீங்கதானா?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம். ஆனா அது சும்மா..."

"எது சும்மா? அப்ப சொன்னதா, இப்ப சொல்றதா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து வீட்டு ஆளைக் கூட்டிவந்து சொல்லவைத்தால் கேஸ் கெட்டுவிடும், டாக்டரிடம் காட்டவேண்டுமானால் வக்கீல் மூலம் மனு போடுங்கள் என்று ஜெயசித்ராவிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதற்குள் மணி ஆகிவிட்டது. தனக்கொடி ஏப்ரானைப் பிள்ளையின் தலைவழியாக உருவி மேஜையில் போட்டாள். மகிழினி கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

பஸ்ஸில் ஜெயசித்ரா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பாகூர் வரும் வரைக்கும் அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். செலியமேட்டில் இறங்கும்போது மட்டும், "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பேனே யக்கா" என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. மறுநாள் வேலிச் சந்தில் ஒரு பழைய கதவை வைத்து அடைத்துவிட்டாள்.

டாக்டர் பரிசோதனைக்கு மனு போட்டிருக்கிறாள் என்று ஜோஸ்பின் சொன்னாள். கோர்ட்டிலிருந்து தபால் வரவேண்டுமாம். அதிலிருந்து தபால்காரர் ராமு சைக்கிள் தெருவில் நுழைந்தால் இவள் மிஷின் நின்றுவிடும். அவர் தாண்டிப் போனபிறகு மறுபடி ஓடும்.

நேற்று சைக்கிள் என் வீட்டு வாசலில் நின்றது. ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். கோர்ட் முத்திரை. புகழ்வேந்தன் பேர் இருந்தது. அதற்குக் கீழே என் பேர், எதிர்மனுதாரர் தரப்பு சாட்சி என்று. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்தரைக்கு ஆஜராக வேண்டும். குருவிநத்தத்துக்காரர்களுக்காகக் கூண்டில் ஏறி, அந்த வாய்ஸ் மெசேஜ் என்னுடையதுதான் என்று நான் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் மிஷின் நின்றிருந்தது. அடைத்த கதவுக்கு மேலே ஜெயசித்ரா தலை தெரிந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"கோர்ட்டுலருந்தா யக்கா? எனக்கு வந்தத மாத்திக் குடுத்துட்டாரா?"

தாளை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டேன்.

"இல்லடி," என்றேன். "ஆதார் கார்டு."