வேர்வைக்கு வாறண்டி இல்லை

கொழும்பிலிருந்து திரும்பி வந்த பொதியை வதனி மில்லுக்குள் வைத்தே பிரித்தாள். சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் அவளுடைய காது மெஷின், திருத்த அனுப்பிய மாதிரியே கிடந்தது. கூட ஒரு தாள். 'ஈரப்பதத்தினால் ஏற்பட்ட சேதம். பாவனையாளரின் கவனக்குறைவு. வாறண்டிக்குள் அடங்காது.' அவள் அதை இரண்டாம் தரம் வாசித்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தாளைப் புருஷனிடம் நீட்டினாள்.

களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால் அந்த மாவரைக்கும் மில்லை அவளும் கோணாமலையும் கலியாணம் முடித்த புதிதில் தொடங்கினார்கள். அவன் வாசலில் இருந்து அரிசியை நிறுத்துக் காசு வாங்குவான். மோட்டாரின் பட்டி சுற்றுகிற இடத்தில் நின்று அரைக்கிறது அவள். சத்தம் முதலில் வலது காதைத் தின்றது, பிறகு மற்றதை. கட்டாரிலிருந்து லீவில் வந்த மகன் நிதுர்ஷன்தான் அவளை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய் மெஷினை வாங்கிக் கொடுத்தான். கடைக்காரர் காட்டிய மேலதிக வாறண்டியையும் விடவில்லை. "இனி என்ன நடந்தாலும் அவங்கட பொறுப்பும்மா" என்றான்.

மெஷின் போட்ட முதல் கிழமை, மில் நின்றிருந்த ஒரு நேரம், ஒரு பெண் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் அரைக்க முடியுமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து கோணாமலையின் குரல் வந்தது. "அது செவிடு. நீங்க என்னட்டச் செல்லுங்க." கோபமில்லை, நக்கலுமில்லை. மூட்டையை அந்தப் பக்கம் வை என்பது போல ஒரு சாதாரணக் குரல். எத்தனை வருஷமாக அப்படிச் சொல்லியிருப்பான் என்று வதனி எண்ணிப் பார்க்கப் போகவில்லை. திரும்பி, "ஒடியல் அரைக்கலாம், நாளைக்குக் கொண்டு வாங்க" என்றாள். கோணாமலை அவளுடைய காதைப் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்கு நாக்கில் பூட்டு விழுந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாப்பிடும்போது பேசாமல் சாப்பிட்டான்.

சித்திரை வெயிலில் மெஷின் செத்தது. அடுத்த நாளே பூட்டும் கழன்றுவிட்டதை, அரைக்க வந்தவர்கள் அவனோடு சிரித்துவிட்டு அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிய விதத்தில் அவள் அறிந்துகொண்டாள்.

தாளில் இருந்த இலக்கத்துக்குக் கோணாமலை அவளுக்கு முன்னால் வைத்துத்தான் கதைத்தான். கொஞ்ச நேரம் உதட்டைப் பார்க்க விட்டான். பிறகு தெருப் பக்கம் திரும்பிவிட்டான். அவனுடைய பிடரி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நீண்ட கதை. திரும்பி வந்து, "ஏலாதாம்" என்றான்.

"இஞ்சேருங்க, இவ்வளவு நேரமும் அதையா செல்லினாங்க?"

அவன் தராசுப் பக்கம் போய் அடுத்த மூட்டையைத் தூக்கி வைத்தான்.

நிதுர்ஷன் கட்டாரிலிருந்து தானே கொழும்புக்கு எடுத்துக் கேட்டிருந்தான். இரண்டு நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டு நேரம் அவனுடைய செய்தி வந்தது. 'அம்மா, ரெண்டாம் தரம் செக் பண்ண அனுப்பலாமெண்டு அப்பாட்ட அண்டைக்கே செல்லி இரிக்காங்க. அவர்தான் வேணாமெண்டிரிக்கார். அவவுக்கு அது பழக்கமில்ல, சும்மா கிடக்குது எண்டாராம்.'

வதனி வாசித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். எதிரே கோணாமலை சோற்றுக் கோப்பையை நீட்டினான். இன்னொரு துண்டு மீன் போட்டாள். "முள்ளு இரிக்கு. பாத்துச் சாப்பிடுங்க."

காலையில் மில்லைத் திறக்காமல் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினாள். எங்கே போகிறாய் என்று அவன் கேட்டது தெரிந்தது. தெரியாத மாதிரி நடந்தாள். பஸ் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது வாவி வெள்ளைத் தகடாகக் கண்ணைக் குத்தியது. சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெஷின் வாங்கிய கடையின் கவுண்டரில் இருந்த பிள்ளை காத்தான்குடிப் பக்கம். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் சஹ்லா என்று இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வேகமாகப் பேசினாள். பிறகு விளங்கிக்கொண்டு, எழுந்து வெளியே வந்து வதனிக்கு முன்னால் நின்று உதட்டை மெதுவாக அசைத்தாள். "அன்ரி, தண்ணி பட்டிரிக்கெண்டு போட்டிரிக்காங்க."

"தண்ணியில்ல புள்ள, வேர்வை."

முகாமையாளர் வந்தார். குளிர் அறைக்குள்ளிருந்து வந்தவர், கழுத்துப் பட்டி கலையாமல் இருந்தது. வேலை செய்யும்போது கழட்டி வைத்திருக்க வேண்டும் என்றார்.

"மில் ஓடக்குள்ள கழட்டித்தான் வைப்பன். எனக்கு மில்லில மட்டுமா வேர்க்குது? அடுப்படியில வேர்க்கும், பஸ்ஸில வேர்க்கும், இஞ்ச உங்களோட கதைக்கக்குள்ளயும் வேர்க்குது. இந்த ஊருக்குள்ள விக்கிற சாமானுக்கு வேர்வை கூடாதெண்டா, அத விக்கக்குள்ள செல்லியிருக்கணும்."

குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்ததிலிருந்து ஊகித்தாள். முகாமையாளர் சஹ்லாவிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். மெஷினைக் கொழும்புக்கு மறுபடி அனுப்புவதாகச் சஹ்லா எழுதிக் காட்டினாள். தொடர்பு இலக்கம் என்ற இடத்தில் கோணாமலையின் இலக்கம் இருந்தது. வதனி அதை வெட்டச் சொல்லித் தன்னுடையதைக் கொடுத்தாள். சஹ்லா தயங்கி, 'செய்தி மட்டும் அனுப்பவும்' என்று பக்கத்தில் எழுதினாள்.

அந்தக் குறிப்பைக் கொழும்பில் யாரும் பார்க்கவில்லை போலும். கிழமைகள் கழித்து, மில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அதிர்ந்தது. கொழும்பு இலக்கம். வதனி சுவிட்சை அடித்தாள். பட்டி மெல்ல ஓய்ந்தது. அரிசிப் பாத்திரங்களோடு காத்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கோணாமலை எழுந்து வந்து, தா என்று கையை நீட்டினான்.

அவள் ஃபோனை வலது காதில் வைத்தாள்.

"ஹலோ, நான் வதனி கதைக்கிறன். எனக்குக் காது கேக்காது. நீங்க செல்லுறது ஒண்டும் விளங்காது, அதனால நான் செல்லுறத முதல்ல கேளுங்க." மில்லுக்கு மேலால் கத்திப் பழகிய குரல், மில் நின்ற இடத்தில் தெருவுக்கே கேட்டிருக்கும். "முதல் எடுத்து வேணாமெண்டு செல்லினது என்ட மனிசன். நான் செல்லல்ல. எனக்கு அது வேணும். இவர் என்ன கதைக்கிறாரெண்டு எனக்குக் கேக்கணும்."

பெண்கள் கோணாமலையைப் பார்த்தார்கள். அவன் நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை. உதடு அசையத் தொடங்கியது. வதனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமுடியிலும் இமையிலும் மா படிந்திருந்தது. வேர்வை அதில் கோடு கோடாய் இறங்கியது. வாங்கிய திகதி, வாறண்டி இலக்கம், வேர்வை என்று முதலிலிருந்து தொடங்கினாள். அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா, எப்போதோ வைத்துவிட்டார்களா என்று ஃபோனை எடுத்துப் பார்க்கவில்லை.