சுவிட்சுக்கு சுவிட்ச் இல்லை

என் கணவர் சட்டை வாங்கப் போனால் கடைக்காரருக்குக் கொட்டாவி வந்துவிடும். அவர் கையில்தான் எங்கள் வீட்டுக்கு நெட்வொர்க் சுவிட்ச் வாங்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

அவசரம் என்னுடையது. தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிக்கும் தமிழ் தெரியாத டாக்டருக்கும் நடுவே, வீடியோவில் உட்கார்ந்து இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்லும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் தேர்வில் ஒருங்கிணைப்பாளர் அம்மாவே நோயாளியாக நடித்தார். அவர் சொன்னதை டாக்டருக்குச் சொல்லத் தொடங்கினேன். 'எனக்கு வயிற்றில்' என்பது வரை போனது. 'வலி' போய்ச் சேரவில்லை. எங்கள் பின்னறைக்கு வைஃபை சுவர் சுவராகத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வரும், அன்று பாதி வழியிலேயே நின்றுவிட்டது. செல்போன் சிக்னலோ அந்த அறையை எட்டிப் பார்த்ததே கிடையாது.

"திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு தரேன். அதுலயும் அறுந்தா மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா.

ஆக, ஒயர் இழுத்தாக வேண்டும். ரவுட்டரில் இருந்ததோ ஒரே ஒரு துளை. அதில் கணவரின் கம்ப்யூட்டர் குடியிருந்தது.

"அஞ்சு துளை இருக்கிற சுவிட்ச் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, போதும்" என்றேன்.

"அவசரப்படாதே. கிகாபிட் வேகம் இருக்கணும். பிளாஸ்டிக்கா, இரும்பானு பார்க்கணும். உள்ள விசிறி இருந்தா சத்தம் போடும். அப்புறம், அஞ்சு போதும்னு இன்னிக்குச் சொல்லுவே. எதிர்காலம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உங்க எதிர்காலத்துக்கு முன்னாடி என் திங்கட்கிழமை வந்துடும்ங்க."

சனிக்கிழமை நானே கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கொஞ்சம் விலை கூடிய பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இதுல லூப் ஆனா தானே கண்டுபிடிச்சு நிறுத்திடும் சார்."

"லூப்னா?" என்றேன் நான்.

"ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் இதுலயே சொருகிட்டா, உள்ள போனதே திரும்பத் திரும்பச் சுத்தி, வீடு மொத்தமும் படுத்துடும்மா."

கணவர் சிரித்தார். "எந்த முட்டாள் ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில சொருகுவான்?" அந்த வசதி இல்லாத, எட்டுத் துளை இரும்புப் பெட்டி ஒன்றோடு வீடு திரும்பினோம்.

வாசலிலேயே மாமனார் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன் அவர். தூங்கும்போதுகூடச் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும் என்பதால் நண்பர்கள் அவரை டெஸ்டர் என்றே கூப்பிடுவார்கள்.

"என்னடா இது, சுவிட்சுங்கறே, ஆன் பண்றதுக்கு ஒரு சுவிட்சையே காணோம்?"

"இது அந்த சுவிட்ச் இல்லப்பா. வர்ற ஒரு இணைப்பை எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கும்."

"அப்போ ஜங்ஷன் பாக்ஸ்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கூடத்து அலமாரியில் மாட்டியாயிற்று. பின்னறையில் இணைப்பு தண்ணீர் போல் ஓடியது. அன்றிரவு கணவர் நடந்த நடையைப் பார்த்தால் கிணறே வெட்டியவர் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை, தன் தட்டச்சு சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று அவர் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரை ஒயரிலிருந்து கழற்றிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தேன்.

"வணக்கம். தயாரா?" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா.

தயார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு திரையில் உறைந்துபோனேன்.

கூடத்துக்கு ஓடினேன். கணவர் அதற்குள் வந்து ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சுவிட்சில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் பேய் பிடித்ததுபோல் படபடத்தன. பெட்டியிலிருந்து புறப்பட்ட ஒரு ஒயரை விரலால் தொடர்ந்து போனேன். அலமாரிக்குப் பின்னால் போனது, வளைந்தது, மறுபடி அதே பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

"இதை யார் சொருகினது?"

"நான்தாம்மா" என்றார் மாமனார், மெச்சுவேன் என்ற நம்பிக்கையோடு. "முனை தொங்கிட்டிருந்துச்சு. ஒயர் முனை தொங்கக் கூடாது. பக்கத்துலயே காலித் துளை. டக்குனு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துச்சு!"

நான் கணவரைப் பார்த்தேன். அவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

முனையைப் பிடுங்கினேன். விளக்குகளின் வெறி அடங்கியது. திரும்பி ஓடி உட்கார்ந்தபோது, திரையில் டாக்டர் பொறுமையாகத் தலை சொறிந்துகொண்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் முகத்தில் சிரிப்பில்லை.

"மறுபடியுமா? நான் முன்னாடியே சொன்னேன். இனிமே…"

கதவு திறந்தது. மாமனார் என் தோளுக்கு மேல் திரைக்குள் தலையை நீட்டினார்.

"அம்மா, தப்பு என்னுது. தொங்கற ஒயரைப் பார்த்தா எனக்குக் கை சும்மா இருக்காது. சொருகிட்டேன்."

இவர் யார், என்ன சொல்கிறார் என்று டாக்டர் தன் மொழியில் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். "டாக்டர் கேட்கிறாரே, சொல்லுங்க. விதி தெரியுமில்ல? கூட்டாம, குறைக்காம, பேசறவர் 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னுதான் சொல்லணும்."

'தப்பு என்னுடையது' என்று ஆரம்பித்தேன். தன் பேச்சு எங்கோ போய்ச் சேருகிறது என்று தெரிந்ததும் மாமனாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"என் பையன் ஒரு பெட்டி வாங்கவே ஒரு வாரம் யோசிப்பான். என் மருமகளைக் கட்டிக்க மட்டும் யோசிக்கவே இல்ல. அவன் உருப்படியாச் செஞ்சது அது ஒண்ணுதான். இந்த வீடு ஓடறதே அவளாலதான்."

இத்தனை வருடத்தில் குழம்புக்கு உப்பு சரி என்றுகூடச் சொல்லாதவர். 'இந்த வீடு ஓடுவதே என் மருமகளால்தான்' என்று டாக்டரிடம் நானே சொல்ல வேண்டியிருந்தது. இணைப்பு அறவில்லை. என் குரல்தான் கொஞ்சம் இழுத்தது.

டாக்டர் புன்னகையோடு ஏதோ கேட்டார். நான் மாமனார் பக்கம் திரும்பி அதைத் தமிழில் கேட்டேன்.

"இதெல்லாம் உங்க மருமகளுக்குத் தெரியுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாதுன்னு சொல்லும்மா. தெரிஞ்சா தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவா."

கூட்டாமல், குறைக்காமல் அதையும் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் அம்மா சிரித்ததில் அவர் கண்ணாடி நழுவியது. வயிற்று வலியைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் என்னை விட்டார்கள். மாலையில் வேலை கிடைத்த செய்தி வந்தது.

அதைச் சொல்லக் கூடத்துக்கு வந்தபோது, மாமனார் சுவிட்சின் காலித் துளைகள் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அதெல்லாம் எதிர்காலத்துக்குப்பா!" என்று பதறினார் கணவர்.

"வரட்டும்டா" என்று டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார் மாமனார். "வந்தா பிரிச்சுக்கலாம்."